ஒப்பரேஷனுக்குப் பின் சிக்கல் வருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. அடுத்த மாதம் வயிற்றில் ஒப்பரேஷன். பிறகு சிக்கல் வருமா என்று இப்போதே தெரியுமா? தடுக்க வீட்டுக்காரர்கள் நாங்கள் ஏதாவது செய்யலாமா?

ஓரளவுக்குத் தெரியும். நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில் என் அப்பாவின் பித்தப்பை ஒப்பரேஷனுக்குக் கூடவே நின்ற மகள், அவ்வளவுதான்.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் அப்பாவிடம் முதலில் கேட்டது, "ஐயா, நிற்காமல் ரெண்டு மாடி ஏறுவீங்களா?" எங்கள் வீட்டில் மாடியே இல்லை. அப்பா கொஞ்சம் யோசித்து, "கோணேசர் கோயில் ஏற்றம் ஏறுவன்" என்றார். "நிற்காமலா?" அப்பா வாயைத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன்: போன வருஷம் வரை நேரே மேலே போவார், இப்போது கோட்டை வாசல் தாண்டியதும் மான் பார்ப்பதுபோல நின்றுவிடுவார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்த மான் பார்க்கிற வேலை. டொக்டர் சிரிக்கவில்லை. இதயத்தைப் பார்க்க ஈசிஜியும் எக்கோ ஸ்கானும் எழுதினார்.

புள்ளிக் கணக்குகளும் இருக்கின்றன. நோயாளியின் பொது உடல்நிலையைத் தரம் பிரிக்கும் முறை 1941இல் அமெரிக்காவில் தொடங்கியது, இன்றும் பாவனையில் இருக்கிறது. இதயத்துக்கு 1999இல் வெளிவந்த லீ கணக்கு ஆறு விஷயங்களைப் பார்க்கிறது: ஒப்பரேஷன் பெரியதா, இதயக் குழாயில் அடைப்பு, இதயம் பலவீனம், முன்பு பக்கவாதம் வந்ததா, இன்சுலின் போடும் சீனி வருத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் 2 mg/dLக்கு மேலா. ஒன்றுக்கு ஒரு புள்ளி, புள்ளி கூடக் கூட ஆபத்தும் கூட. உங்கள் அப்பா குளிசை மட்டும் குடிப்பவர் என்றால் இதில் புள்ளி விழாது. ஆனால் காயத்தில் கிருமி பிடிக்காமல் இருக்கச் சீனி அளவு எப்படியும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

ஆனால் எந்தக் கணக்கும் நாம் சொல்லும் தகவலை வைத்துத்தானே போடுகிறார்கள். அப்பா கிளினிக்கில் "சிகரெட் விட்டாச்சு" என்றார். கிணற்றடியில் தினமும் மூன்று. நான் போட்டுக்கொடுத்தேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாலு கிழமையாவது முன்னாடி விட்டால்தான் நுரையீரலுக்கும் காயத்துக்கும் நல்லது என்பதால், அவசரமில்லாத ஒப்பரேஷன்தானே என்று திகதியைத் தள்ளிப் போட்டார்கள். இன்றும் சொல்கிறேன், அந்தக் காட்டிக்கொடுப்புக்கு நான் வருந்தவில்லை.

குளிசைகளை எல்லாம் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், நாட்டு மருந்து உட்பட. இரத்தம் உறையாமல் இருக்கக் குடிப்பதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம், கேளுங்கள். பெயர் 'ஃப்ளோசின்' என்று முடியும் சீனிக் குளிசை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதை மூன்று நாலு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினி கிடக்கும்போது, சீனி அளவு சாதாரணமாகக் காட்டினாலும் இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம்.

வீட்டில் பிளேடால் மயிர் வழிக்க விடாதீர்கள். அப்பா முதல் நாள் இரவு தானே 'துப்புரவாக' வழித்துக்கொண்டு போய் வார்ட் மிஸ்ஸியிடம் நல்ல ஏச்சு வாங்கினார். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி ஏறும். எடுக்க வேண்டியிருந்தால் அவர்களே கிளிப்பரால் எடுப்பார்கள்.

தியேட்டரில் திரும்பத் திரும்பப் பெயர் கேட்டதற்கு, "பேர் தெரியாமலா வெட்டப் போறாங்க?" என்று அப்பா கோபப்பட்டாராம். அது ஆள், ஒப்பரேஷன் எல்லாம் சரிதானா என்று பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல். எட்டு நகரங்களில் ஓர் ஆஸ்பத்திரி வீதம் பரீட்சித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள்: சிக்கல்கள் நூற்றுக்கு 11இலிருந்து 7 ஆகவும், மரணம் 1.5இலிருந்து 0.8 ஆகவும் இறங்கின. பெயர் கேட்டால் பொறுமையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நாங்கள் கோட்டை விட்ட இடம் வேறு. வெட்டு மேல்வயிற்றில் என்பதால் ஆழமாக மூச்சு இழுக்க அப்பாவுக்கு நோவு. பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாம் "அசையாமல் படுங்கோ, தையல் பிரியும்" என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். மூன்றாம் நாள் காய்ச்சல், இருமல், நுரையீரலில் சளி. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுவது, விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை ஆழ்ந்த மூச்சு, டொக்டர் விட்டதும் எழுந்து நடப்பது, இதெல்லாம் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டியது. நோவுக்கு மருந்து கேட்கவும் கூச்சப்பட்டார். நோவு குறைந்தால்தான் இருமவே முடியும். ஐந்து நாளில் போயிருக்க வேண்டியவர் பன்னிரண்டு நாள் இருந்தார்.

சாப்பாட்டில் எங்கள் பெரியம்மா "கிரந்தி", அதாவது புண்ணை ஆற விடாத சாப்பாடு, என்று கணவாய், இறால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காயம் ஆறப் புரதம் வேண்டும் என்று மிஸ்ஸி சொன்ன பிறகு முட்டை திரும்பி வந்தது. இறாலுக்குப் பெரியம்மா கடைசி வரை சம்மதிக்கவில்லை, நானும் சண்டை பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகும் ஒரு மாதம் கண் வைத்திருங்கள், காயத்தில் கிருமி பிடிப்பது பலருக்கு வீட்டில்தான் தெரியவரும். காயம் சிவந்து சூடாகிச் சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்காமல், இரவானாலும் ஆட்டோ பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். டிஸ்சார்ஜ் துண்டையும் கிளினிக் கொப்பியையும் அப்பாவின் தலைமாட்டிலேயே வைத்திருங்கள்.