வெடிக்காமல் கிடக்கிற செல்லைக் கையால் எடுக்கலாமா?

கேள்வி இதுதான்: "பீரங்கிச் செல்லுக்கும் விமானக் குண்டுக்கும் உள்ளே தானாக உணர்ந்து வேலை செய்கிற பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறதாமே. அப்படியென்றால் வெடிக்காமல் கிடக்கிறது பாதுகாப்பானதுதானே?"

இல்லை. எடுக்காதீர்கள்.

கேட்டவர் வளவு துப்புரவாக்கும்போது எதையோ கண்டிருக்கிறார், கொஞ்சம் பயமும், பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தால் என்ன என்ற நினைப்பும் சேர்ந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் கோபிக்க வேண்டாம்.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் பொறியியலாளன் இல்லை. 2013இலிருந்து 5 வருஷம், வடக்கில் பழைய போர்முனையான முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன். தலை போன பனைகளுக்குக் கீழே, முகக் கவசத்துக்குள் வியர்வை வழிய, முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டுகிற வேலை. இப்போது திருநெல்வேலியில் (எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி) வாஷிங் மெஷின் திருத்துகிறேன். "ராணுவ ரகசியத்தை எல்லாம் இங்கே எழுதலாமா" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். கீழே இருப்பது பொதுப் புத்தகங்களிலேயே உள்ள விஷயம்தான்.

ஒரு செல் தொழிற்சாலையிலிருந்து லொறி ஏறும், கப்பல் ஏறும், யாரோ ஒருவனின் கை தவறி விழும். அப்போதெல்லாம் வெடித்தால் அது வைத்திருப்பவனுக்குத்தான் சேதம். அதனால் முதலில் பற்றுகிற சின்ன மருந்தையும் பெரிய மருந்தையும் நேர்கோட்டில் வைக்காமல் விலக்கி, பூட்டி வைத்திருப்பார்கள். குழாயை விட்டுக் கிளம்பும்போது வருகிற பெரிய உதைப்பு ஒரு பூட்டைத் திறக்கும். பீரங்கிச் செல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும். அந்தச் சுழற்சி அடுத்த பூட்டைத் திறக்கும். சில விமானக் குண்டுகளில் ஒரு சின்னக் காற்றாடி இருக்கும், காற்றில் விழ விழச் சுற்றிப் பூட்டைக் கழற்றும். புதிய சாமான்களில் இதையே மின்சுவிட்ச் செய்கிறது. குறைந்தது இரண்டு பூட்டு வேண்டும், ஒன்று பிழைத்தாலும் மற்றது நிற்க வேண்டும் என்பது அமெரிக்க ராணுவத் தர விதி.

இந்தப் பூட்டு முழுக்கச் சுடுகிறவனுக்காகப் போட்டது. விழுகிற இடத்து வளவுக்காரனை நினைத்து யாரும் ஒன்றும் பூட்டவில்லை. உங்கள் வளவில் கிடப்பது சுடப்பட்ட செல். உதைப்பும் பட்டு, பறந்தும் வந்துவிட்டது. பூட்டெல்லாம் திறந்தாயிற்று என்றுதான் நினைக்க வேண்டும். கடைசியில் ஊசி குத்தவில்லையா, குத்தியும் பற்றவில்லையா, பாதியில் எங்காவது இறுகி நிற்கிறதா? வெளியில் நின்று பார்த்துச் சொல்ல ஏலாது.

எங்கள் பெரியப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! 1990இல் சண்டையால் மயிலிட்டிப் பக்கத்திலிருந்து ஓடியவர், 27 வருஷம் கழித்துத்தான் காணிக்குள் கால் வைத்தார். வீடு இல்லை, கிணறும் இரண்டு சுவரும் மிச்சம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவிக்குப் போனேன். கிணற்றடியில் சைக்கிள். ஹாண்டிலில் ஒரு உரப்பை தொங்குகிறது. பை ஓட்டையால் ஒரு வால் செட்டை எட்டிப் பார்க்கிறது. செட்டை இடுக்கில் புல் வேர் சுற்றி, அதில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. மோட்டார் செல், நிமிர்த்தி வைத்த குழாயிலிருந்து சுடுகிற வகை.

"பெரியப்பா, இது எங்கால?"

"வேலிக்கரையில கிடந்தது. சந்திவரைக்கும் கொண்டு போனனான், இரும்புக்காரன் இண்டைக்கு வரேல்லை. நீ தேத்தண்ணி குடி."

சந்திவரை! குன்றும் குழியுமான அந்த ரோட்டில், முழங்காலில் இடிபட இடிபட. போய், திரும்பியும் வந்திருக்கிறார்.

பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் அவருடைய பேரன் நித்திரை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் ரோட்டுக்குப் போகச் சொன்னேன். பெரியப்பா நகரவில்லை. "இத்தனை வருஷம் வெடிக்காதது இப்பவோ வெடிக்கப் போகுது? நீ படிச்ச சுவிட்ச் பழுதாப் போச்சு, அவ்வளவுதான்." அப்போதே முகமாலையில் 4 வருஷம் வேலை செய்திருந்தவன் சொல்கிறேன், கேட்கவில்லை. கடைசியில் பெரியம்மாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா.

சுவிட்ச் பழுது என்று அவர் சொன்னதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். 1982 போக்லண்ட் சண்டையில் ஆர்ஜென்டினா விமானங்கள் மிகத் தாழப் பறந்து போட்ட பல குண்டுகள், பூட்டுத் திறக்க நேரம் போதாமல், பிரித்தானியக் கப்பல்களுக்குள் வெடிக்காமல் தங்கின. அப்படிக் குண்டு தங்கிய அன்டலோப் என்ற கப்பலில், குண்டைச் செயலிழக்கச் செய்யப் போன நிபுணர் ஒருவரே அது வெடித்துச் செத்தார். அவரை விடவா எங்கள் பெரியப்பா?

இன்னொன்று. 1961 ஜனவரியில் அமெரிக்காவில் கோல்ட்ஸ்போரோ என்ற ஊருக்கு மேலே ஒரு பி-52 விமானம் உடைந்து, இரண்டு ஐதரசன் குண்டுகள் விழுந்தன. ஒன்று பரசூட் விரித்து இறங்கியது. யாரும் போடவில்லை, ஆனால் குண்டுக்கு அது தெரியாது. நிஜமாகவே போட்டார்கள் என்று நினைத்துப் படிப்படியாகத் தயாராகிக்கொண்டே வந்தது. ஒரேயொரு சாதாரணச் சுவிட்ச்தான் மறித்தது என்று பின்னாளில் வெளிவந்த அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. சுவிட்சுக்கு உதைப்பும் வேகமும்தான் தெரியும், யார், ஏன் என்பது தெரியாது.

வாஷிங் மெஷினிலும் இப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறது, மூடியைத் திறந்தால் தொட்டி நிற்கும். அது பழுதானால் "நேரா வயரைக் கொழுவி விடு தம்பி" என்பார்கள். மாட்டேன் என்றால் நான் காசு பிடுங்குகிறேனாம். சரி, அதை விடுவோம்.

கண்டால் தொடாமல், இடத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு, வந்த வழியாலேயே திரும்பி பொலிஸின் 119க்குப் போன் எடுங்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். பொலிஸ் வந்தது, பின்னேரம் ஆமியின் குண்டு செயலிழக்கச் செய்யும் ஆட்கள் வந்து, உரப்பையோடு கொண்டுபோய்த் தூர வெளியில் வெடிக்க வைத்தார்கள். சத்தம் எங்கள் ரோட்டுவரை கேட்டது.

பெரியப்பா அன்றைக்கு என்னோடு கதைக்கவில்லை. இப்போதும் நல்லது கெட்டதுக்குச் சந்தித்தால், அந்தப் பை புதுப் பை என்றுதான் சொல்கிறார்.