போர் தண்ணீர், மஞ்சள் இலை, பாசி: செடித்தொட்டிக் கேள்வி பதில்

செடி வளர்க்கும் மீன்தொட்டிகளில் தண்ணீர், உரம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். மீன் நோய்களைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது எனக்குத் தெரிந்த துறை இல்லை.

வேளச்சேரி: அண்ணா, 60 லிட்டர் தொட்டி. ரோட்டாலாச் செடியில் புது இலைகள் வெளிறி வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. மூன்று மாதமாக இரும்புச் சத்துத் திரவம் ஊற்றியும் மாற்றம் இல்லை. போர் தண்ணீர், பிஎச் 8. சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) கிடையாது.

நரம்பு மட்டும் பச்சை என்று கவனித்து எழுதினீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. இரும்பு ஓர் இலைக்குள் போய்ச் சேர்ந்தால் அங்கேயே நின்றுவிடும். செடியால் அதைப் பெயர்த்தெடுத்துக் கொழுந்துக்கு அனுப்ப முடியாது. அதனால் குறை கொழுந்தில்தான் தெரியும். கால்சியமும் அப்படித்தான். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் நான்கும் நேர் எதிர். பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையைக் காலி செய்து கொழுந்துக்குக் கொடுக்கும், அடி இலை மஞ்சளாகும்.

உங்களுக்குக் குறை இரும்புதான். ஆனால் நீங்கள் ஊற்றுவது செடிக்குப் போய்ச் சேரவில்லை. பல திரவங்களில் இரும்பை ஈடிடிஏ என்ற பொருளோடு கட்டி வைத்திருப்பார்கள். பிஎச் 6.5 தாண்டினால் அந்தக் கட்டு அவிழத் தொடங்கும். 8-ல் இரும்பு துருவாகிப் படிந்துவிடும், செடிக்குப் பயன் இல்லை. டிடிபிஏ என்ற பொருளோடு கட்டிய இரும்பு 7.5 வரை தாங்கும். ஈடிடிஎச்ஏ அதற்கு மேலும் நிற்கும், ஆனால் தண்ணீர் சிவந்துவிடும்.

டிடிபிஏ வாங்கிக் கொஞ்சமாகத் தினமும் விடுங்கள். வாராவாரம் மாற்றும் தண்ணீரில் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்தால் பிஎச்-சும் இறங்கி வரும். வெளிறிய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள். கேஎச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை, பிஎச்-சைத் தாங்கிப் பிடிப்பது) எவ்வளவு என்று எழுதவில்லை, அளந்துவிடுங்கள்.

மதுரை: சார், டிடிஎஸ் மீட்டரில் 900 காட்டுகிறது. என்ன உரம் போடலாம்?

அந்த மீட்டர் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து ஓர் எண்ணைக் காட்டும். அந்த 900 உப்பா, சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. கேஎச், ஜிஎச் (கால்சியம், மெக்னீசியம் அளவு) இரண்டையும் அளந்துவிட்டுக் கேளுங்கள்.

கோவை: சிறுவாணித் தண்ணீர், அக்வாசாயில் (செடிகளுக்கான சத்து மண்) போட்டு ஆறு வாரம், 100 லிட்டர். பிஎச் 5.8. மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. ஆப்ப சோடா போடலாமா?

சிஓடூ சிலிண்டர் இருந்தால் உடனே மூடுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

சோடா இன்று வேண்டாம். சிறுவாணி மென்மையான தண்ணீர், கேஎச் மிகக் குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் அக்வாசாயில் உறிஞ்சிவிடும். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அமிலத்தையும் உண்டாக்கும், அதைத் தாங்கிப் பிடிக்கக் கேஎச் இல்லாததால் பிஎச் விழுகிறது. 6-க்குக் கீழே அந்தப் பாக்டீரியாவே சோர்ந்துவிடும். அமோனியா சேரும், ஆனால் இந்த பிஎச்-சில் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியமாக இருக்கும். இப்போது சோடா போட்டு பிஎச்-சைத் தூக்கினால் அது விஷமாக மாறும். 25 டிகிரியில், பிஎச் 7-ல் அரை சதவீதம் இருக்கும் விஷ அமோனியா 8-ல் 5 சதவீதம் ஆகிவிடும்.

அதனால் முதலில் அமோனியா டெஸ்ட். அது பூஜ்ஜியமாகும்வரை தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரும் அதே சிறுவாணியாக இருக்கட்டும். பிறகு 100 லிட்டருக்கு 3 கிராம் சோடா, அது கேஎச்-சை 1 டிகிரி ஏற்றும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

ஈரோடு: உரக்கடையில் 13:0:45 வாங்கினேன். அதையே போடலாமா? வீட்டில் டிஏபியும் இருக்கிறது.

13:0:45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். தாராளமாகப் போடலாம். 100 லிட்டருக்கு 1.6 கிராம், நைட்ரேட் 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) ஏறும். டிஏபியும் யூரியாவும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. டிஏபியில் இருப்பது அமோனியம். கோவைக்காரருக்கு மேலே எழுதியதைப் படியுங்கள், ஒரே இரவில் எல்லா மீனும் போய்விடும்.

தாம்பரம்: அண்ணா, பாசி வந்துவிட்டது. என்ன மருந்து?

எந்தப் பாசி? எத்தனை மணி நேரம் விளக்கு? இதே கேள்வி ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது, ஒருவரும் இந்த இரண்டையும் எழுதவில்லை. விளக்கை 6 மணி நேரமாகக் குறையுங்கள். மருந்து வேண்டாம்.

சேலம்: பாசிக்குக் காரணம் பாஸ்பேட்தானே? நான் பாஸ்பேட் ரிமூவர் போட்டு வைத்திருக்கிறேன். ஆனாலும் அனுபியாஸ் செடியின் இலையில் பச்சைப் புள்ளிகள்.

தம்பி, அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வராது. பாஸ்பேட் பற்றாக்குறையான தொட்டிகளில்தான் அந்தப் பச்சைப் புள்ளிப் பாசியை அதிகம் பார்த்திருக்கிறேன்.

1996-ல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், பாஸ்பேட்டைக் குறைத்து வைத்தால் பாசி அடங்கும் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன உரக் கலவையிலும் பாஸ்பேட் கிடையாது. பிறகு டாம் பார் என்ற செடித்தொட்டிக்காரர் வேண்டுமென்றே பாஸ்பேட்டைச் சேர்த்துப் பார்த்தார். செடியும் சிஓடூ-வும் நிறைவாக இருந்த தொட்டிகளில் பாசி வரவில்லை. நானும் பல வருடம் ரிமூவர் போட்டவன்தான். நிறுத்திய பிறகுதான் என் அனுபியாஸ் சுத்தமான இலை விட்டது.

திருச்சி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏரிகளில் பாஸ்பேட் கலந்தால் தண்ணீரே பச்சையாகிறது. அறிவியல் இது.

நீங்கள் சொல்வது உண்மைதான். கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆய்வாளர் ஒரு ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார். 1973-ல் ஆரம்பித்த சோதனை அது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், இன்னொன்றில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையானது. ஆனால் அங்கே உரத்தை உறிஞ்சியவை தண்ணீரில் மிதக்கும் பாசிகள். உங்கள் தொட்டியில் தரை முழுக்க வேர்விட்ட செடி இருக்கிறது, வாரம் பாதித் தண்ணீர் மாறுகிறது. ஏரிக்கு உண்மையானதைத் தொட்டிக்கு அப்படியே தூக்கிவர முடியாது.

திருச்சி: அப்படியானால் செடி குறைவாக இருக்கும் தொட்டிக்கு?

நல்ல கேள்வி. அங்கே நீங்கள் சொல்வதுதான் சரி. நாலே நாலு செடி, பத்து மணி நேர விளக்கு, நிறைய மீன் என்றால் அது ஏரி மாதிரிதான். செடியைக் கூட்டுங்கள், விளக்கைக் குறையுங்கள், மீன் தீனியை அளந்து போடுங்கள். ரிமூவர் கடைசி வழி.

நாகர்கோவில்: இலை மஞ்சளாகிறது, என்ன செய்ய?

புது இலையா, பழைய இலையா? வேளச்சேரிக்கு எழுதியதைப் படியுங்கள். கேஎச்-சையும் அளந்துவிடுங்கள்.

புதுச்சேரி: லிக்விட் கார்பன் (சிஓடூ-வுக்குப் பதிலாக விடும் திரவம்) ஊற்றியதும் வாலிஸ்னேரியா செடி கரைகிறது.

நிறுத்துங்கள். அதில் இருப்பது குளூட்டரால்டிஹைடு, வாலிஸ்னேரியாவுக்கு ஒத்துக்கொள்ளாது.

சேலம்: அண்ணா, இப்போதுதான் டெஸ்ட் செய்தேன். பாஸ்பேட் 0. நைட்ரேட் 10. தொட்டி 100 லிட்டர்.

ரிமூவரை எடுத்துவிடுங்கள். உரக்கடையில் 0:52:34 கேளுங்கள், அது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 7 கிராமை அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வையுங்கள். அதில் 10 மில்லி விட்டால் உங்கள் தொட்டியில் 1 பிபிஎம். வாரம் ஒருமுறை போதும். புள்ளி விழுந்த இலைகளை இப்போது வெட்ட வேண்டாம், புதிதாக மூன்று இலை வந்த பிறகு வெட்டலாம்.