படிக்க மாட்டேன் என்கிற பிள்ளையும் இடம் எடுத்துத் தருகிறேன் என்கிற தரகரும்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகனுக்குப் பத்து வயது, தரம் 5, தமிழ் மொழி மூலம். தரம் 6க்குத் தனியார் பாடசாலையில் சேர்க்க விரும்புகிறோம். நுழைவுப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது. இரண்டு ரியூசனுக்கு அனுப்பியும் கொப்பியைத் தொடமாட்டான். போனைப் பறித்தால் அழுகை. தெரிந்த ஒருவர், "பரீட்சை எப்படிப் போனாலும் எட்டு இலட்சம் தந்தால் இடம் எடுத்துத் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

அந்த மனிதருக்கு முதலில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், மகனின் விஷயம் அதைவிட அவசரம்.

பத்து வயதுப் பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஓடினால், பெரும்பாலும் அங்கே ஏதோ ஒன்று அவனுக்கு முடியவில்லை. அது எது என்று கண்டுபிடிக்க இன்று மாலை பத்து நிமிடம் போதும். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அவன் இன்னும் படிக்காத பக்கமொன்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் திருத்த வேண்டாம், பிழைக்கு ஒரு விரலை மடக்குங்கள். பத்து வரிக்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் அவனுக்குப் பாரம். தரம் 4 புத்தகத்தை எடுங்கள். அதிலும் தடக்கினால் தரம் 3. எந்தப் புத்தகத்தைத் தடக்காமல் வாசித்து, வாசித்ததைத் தன் சொல்லில் சொல்கிறானோ, அங்கிருந்து தொடங்குங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆங்கிலத்துக்கும் இதே சோதனைதான்.

கணக்கில் போகும் புள்ளிகளில் பலவும் வாசிப்பில்தான் போகின்றன. "ஒரு கூடையில் 24 மாம்பழங்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பழுத்தவை. பழுக்காதவை எத்தனை?" பிள்ளை 8 என்று எழுதிவிட்டுப் பென்சிலை வைத்துவிடும். 24ஐ 3ஆல் வகுக்க அதற்குத் தெரிந்திருக்கிறது. "பழுக்காதவை" என்ற சொல்லின் நடுவில் இருக்கிற எதிர்மறைதான் கண்ணில் படவில்லை. இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது வகுத்தல் கணக்குக் கொடுப்பது நேரத்தை வீணாக்கும் வேலை. கடைசி வரியை முதலில் வாசிக்கப் பழக்குங்கள். கேட்கப்படும் சொல்லைப் பென்சிலால் வட்டமிடட்டும், "பழுக்காததைக் கேட்கிறார்கள்" என்று வாயால் சொல்லட்டும், பிறகு கணக்கைச் செய்யட்டும். விடையையும் வெறும் எண்ணாக விடாமல் "பழுக்காதவை 16" என்று எழுதவேண்டும்.

பாடசாலை 1.30க்கு விடுகிறது. சாப்பாடு, ஓய்வு, பிறகு 25 நிமிடம் படிப்பு, விளையாட்டு, மறுபடி 20 நிமிடம். கிழமையில் ஐந்து நாள் இது போதும். ஆனால் இரண்டு ரியூசனும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. இரண்டு கொப்பிகளையும் திறந்து கடைசி இரண்டு வாரத்தைப் பாருங்கள். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதிய விடைகள் மட்டும் இருந்து, மகனின் பிழையைத் திருத்திய சிவப்பு மை எங்கும் இல்லாவிட்டால் அந்த வகுப்பை நிறுத்துங்கள். போனைப் புள்ளிகளோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். அந்த 20 நிமிடப் படிப்பும் முடிந்ததும் தினமும் அரை மணி நேரம், பரிசாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை.

முதல் ஆறு வாரம் மணிக்கூட்டைக் காட்டாதீர்கள். அதன்பின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பழைய முதலாம் வினாத்தாளை எடுங்கள். 40 வினா, ஒரு மணி நேரம், அதாவது வினாவுக்கு ஒன்றரை நிமிடம். முழுத் தாளையும் ஒரேயடியாக வைக்காமல் 15 நிமிடத்துக்குப் பத்து வினா கொடுங்கள். பிழைத்தவற்றை வேறு கொப்பியில் எழுதிவைத்துச் சனிக்கிழமை மறுபடி செய்யவிடுங்கள். "அந்தப் பாடசாலையின் போன வருஷப் பேப்பர்" என்று போட்டோகொப்பிக் கட்டு விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். ஆங்கிலக் கட்டுரையை மனப்பாடம் செய்விப்பதும் ஆபத்து, தலைப்பைச் சற்று மாற்றினால் பிள்ளை திகைத்துவிடும். அன்றன்று செய்ததைப் பற்றித் தினமும் ஐந்து வசனம் எழுதட்டும்.

ஒரு வகைப் பிள்ளைக்கு மட்டும் இது எதுவும் பொருந்தாது. அதை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அடி வாங்குவது இந்தப் பிள்ளைகள்தான். வாயால் கேட்டால் டக்கென்று சரியான விடை வரும். கதை கேட்டால் முழுவதும் நினைவிருக்கும். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், கொம்பும் காலும் விடுபடும், நேற்று வாசித்த சொல் இன்று புதுச் சொல்லாகத் தெரியும். தரம் 3 புத்தகத்திலும் இதே நிலை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியென்றால் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டி வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று கேளுங்கள். பொரளை ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலை அரச வைத்தியசாலைதான், செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பிள்ளையை இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக எழுதவைத்தால் எழுத்தின் மேலுள்ள வெறுப்புத்தான் வளரும்.

இனி அந்த எட்டு இலட்சம். இத்தகைய தரகர் பத்துப் பெற்றோரிடம் பணம் வாங்குவார், உள்ளே ஒரு விரலையும் அசைக்கமாட்டார். பத்தில் மூன்று பிள்ளைகள் தங்கள் திறமையால் தெரிவானால் அந்த மூன்று பேரின் பணமும் அவருக்கு. மற்றவர்களுக்குத் துண்டு துண்டாகத் திரும்பும், அல்லது திரும்பாது. தெரிவான பிள்ளையின் தாயே அடுத்த வருடம் அவருக்கு விளம்பரம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி தனியார் துறையிலும் இலஞ்சம் குற்றம், கொடுப்பவரும் சிக்குவார். முறைப்பாட்டுக்கு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954 இருக்கிறது.

இவர்கள் பிழைப்பதற்கு இடம் கொடுத்தது நமது முறைதான். 5 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை திறப்பதை 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் தடுத்தது. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவாகி அந்தத் தடைக்கு வெளியே நடக்கின்றன. பழைய தனியார் பாடசாலைகளின் வாசலிலோ நெரிசல் தீரவில்லை. பொதுவான நுழைவுப் பரீட்சை கிடையாது, பாடசாலைக்குப் பாடசாலை பாடமும் திகதியும் வேறு. அறுபது வருடத்துக்கு மேலாக இதைச் சீராக்காமல் விட்டதன் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

ஆகவே இந்தக் கிழமையே பாடசாலை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். எந்தப் பாடங்கள், எந்த மொழியில், எவ்வளவு நேரம், நேர்முகப் பரீட்சை உண்டா என்று கேளுங்கள். அனுமதிக் கட்டணம், வைப்புப் பணம், தவணைக் கட்டணம், இவற்றில் எது திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இடம் கிடைத்தால் பாடசாலையின் வங்கிக் கணக்கில் மட்டும் பணத்தைப் போட்டு, மகனின் பெயர் எழுதிய பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.