சிறிய நாடக மன்றத்துக்குக் கொடுக்கும் நன்கொடை எதற்குப் போகிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சிறிய நாடகக் குழுக்கள் அடிக்கடி நன்கொடை கேட்கின்றனவே, ரிக்கற் விற்று நடத்த முடியாதா? கொடுக்கும் பணம் உண்மையில் எதற்குச் செலவாகிறது?

வலிகாமத்தில் இயங்கும் சிறிய நாடக மன்றம் ஒன்றின் பொருளாளராக இருப்பதால் இதற்குப் பதில் எழுதுகிறேன். மேடையேற்ற நாளின் செலவை யாரையாவது பிடித்துச் சமாளித்துவிடலாம். அதற்கு முந்திய மாதங்களின் செலவைத்தான் நன்கொடை இல்லாமல் தாங்க முடிவதில்லை.

முதலில் ரிக்கற் விடயம். இந்த மண்ணில் நாடகத்துக்குக் காசு கொடுத்தவர் எப்போதும் பார்வையாளராகவே இருந்ததில்லை. இசைநாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் குழுவினர் அரிச்சந்திரன் கதையான மயான காண்டத்தை ஊரூராக ஆடிய காலத்தில், கோயில் திருவிழாவின் உபயகாரரோ ஊர்ச் சபையோ தொகை பேசி அழைத்தால், ஊர்ச்சனம் பாயோடு வந்து விடிய விடிய இருந்து பார்த்தது. காத்தவராயன் கூத்தை அம்மனுக்கு வைத்த நேர்த்தியாகவே ஆடுவிக்கும் ஊர்கள் உள்ளன. இன்று யாழ்ப்பாண நகரின் வீரசிங்கம் மண்டபத்தில் ரிக்கற் போட்டு நாடகம் வைத்தாலும் முன்வரிசையில் இருப்பவர் பெரும்பாலும் அழைப்பிதழ் பெற்றவராகவே இருப்பார். அழைத்துவிட்டு அவரிடம் காசு கேட்பது மரியாதையில்லை என்ற எண்ணம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. விற்ற ரிக்கற்றின் பணம் மண்டப வாடகைக்கும் ஒலி, ஒளிக்காரருக்கும் கொடுத்தவுடன் தீர்ந்துவிடும்.

ஒத்திகைக் காலத்தில்தான் கணக்குப் புத்தகம் கனக்கத் தொடங்குகிறது. எங்கள் நடிகர்களில் மேசன் வேலை செய்பவர், புடைவைக் கடையில் நிற்பவர், உயர்தர வகுப்பு மாணவிகள் எனப் பலரும் உள்ளனர். எல்லோரும் ஒன்றுகூடுவது பொழுதுபட்ட பிறகே. சனசமூக நிலையத்தார் இடத்தை இலவசமாகத் தருகிறார்கள், ஆனால் மின்கட்டணம் எங்களுடையது. தேநீரும் கடலையும் சிறிய செலவென்று தோன்றினாலும் மாதக்கணக்கில் சேரும்போது அப்படித் தோன்றுவதில்லை. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு, ஒத்திகை முடிந்தபின் மாணவிகளை வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கும் ஓட்டோக் கூலி. அந்த ஓட்டோ நின்றால் மறுநாளே தாய்மார் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள், நாடகத்தில் பெண் பாத்திரங்களும் இல்லாமற்போகும். 2022இல் மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக இருந்தபோது ஒத்திகையைப் பகலுக்கு மாற்றினோம். அதனால் மேசன் வேலை செய்பவர் இழந்த நாட்கூலியை ஊரில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஓய்வூதியத்திலிருந்து ஈடுசெய்தார். அந்த நாடகம் மேடையேறியதற்கு நான் அறிந்த முதற்காரணம் அதுவே. ஆனால் அவருடைய பெயர் எந்தப் பதாகையிலும் இல்லை.

1978இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோரின் முயற்சியால் பயிற்சியை முதன்மைப்படுத்தியதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பயிற்சிக்குச் செலவு உண்டு என்பது மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை.

அடுத்தது உடுப்பு. கூத்தில் அரசர் அணியும், கூடைபோல் விரிந்து நிற்கும் கரப்புடுப்பைத் தைப்பது ஒரு செலவு, காப்பது இன்னொரு செலவு. ஆட்டம் முடிந்ததும் வியர்வை காயும்படி நிழலில் விரித்து, கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் உதிர்ந்த இடங்களை மீண்டும் தைத்து, பூச்சி உருண்டை போட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு துணி கையோடு கிழிந்து வரும். மத்தளத்தின் தோல் தளர்ந்தால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் முகத்தைச் சுளிப்பார், ஆர்மோனியத்தின் துருத்தியில் காற்றுப் போனால் பாட்டுக்காரர் சுருதி தேடித் தவிப்பார். இவற்றைத் திருத்தப் பணம் கேட்டுச் சென்றால், "நாடகம் எப்போது?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

கோயிலில் கொடியேற்றத்துக்கும் தேருக்கும் உபயம் எடுக்க ஆட்கள் நிற்பதுபோல, நாடகத்திலும் மேடையேற்ற நாளுக்குத்தான் அனுசரணையாளர் வருகிறார்கள். அவர்களைக் குறை கூறவில்லை. பதாகையில் பெயர் வருவதை யார்தான் விரும்பமாட்டார்? ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஒரே தடவையில் பெருந்தொகை அனுப்பும்போது சில குழுக்கள் அதற்கேற்பப் பெரிய காட்சியமைப்பும் வாடகை விளக்குகளுமாக நாடகத்தைப் பெருப்பித்துவிடுகின்றன. பிறகு அந்த நாடகம் ஒரு வான் வண்டியில் ஏறாது, பாடசாலை மண்டபத்துக்குள் நுழையாது, ஒரே மேடையோடு முடிந்துவிடும். நாடகமும் அரங்கியலும் பாடமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஆற்றுகையை நேரில் காட்டுவதே சிறு குழுக்களின் மிகப் பயனுள்ள வேலை என்று நான் நினைப்பதால், இந்தப் பெருப்பம் எனக்கு உவப்பில்லை. நெடுந்தீவுப் பாடசாலைக்கு நாடகம் கொண்டுபோவதென்றால் குறிகட்டுவான் இறங்குதுறைவரை வான் வண்டியும், அங்கிருந்து உடுப்புப் பெட்டி நனையாமல் படகும், படகு நேரம் தவறினால் இரவு தங்க இடமும் சாப்பாடும் வேண்டும். பாடசாலையிடம் இதற்குக் கட்டணம் கேட்க முடியாது.

ஆகவே கொடுக்க விரும்பினால், இன்ன செலவுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தாமல், சிறு தொகையை மாதாமாதம் கொடுங்கள். பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை: துணிக்கடைக்காரர் தரும் மீதித் துணியும், வான் வைத்திருப்பவர் விடும் ஒருநாள் ஓட்டமும் எங்கள் புத்தகத்தில் நன்கொடையாகவே பதிவாகின்றன. கொடுக்கும்முன் மன்றம் பிரதேச செயலகத்தில் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள்; தனியாள் கணக்குக்கு அனுப்பாமல், இருவர் ஒப்பமிட்டால் மட்டும் பணம் எடுக்கக்கூடிய மன்றக் கணக்குக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடந்த ஆண்டுக் கணக்கைக் காட்டும்படி கேட்டால் முகம் சுளிக்கும் மன்றத்துக்குக் கொடுக்க வேண்டாம்.