சைக்கிளின் இறுக்கமான டயரை வீட்டிலேயே மாட்டி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பையும் நாமே சரிசெய்ய முடியுமா?

முடியும். நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு சிக்கல்கள். புதிதாக வாங்கிய 700×28 அளவு டயரின் கடைசி ஒரு சாண் ரிம்முக்குள் ஏற மறுக்கிறது; பின்சக்கரத்தைக் கையால் அசைத்தால் ‘டக் டக்’ என்று ஆடுகிறது. ஊர்ப் பட்டறையில் கைவிரித்துவிட்டதால் ஈப்போவுக்கு எடுத்துச் செல்வதா என்று கேட்கிறீர்கள். நான் வசிப்பது மலேசியாவில், ஈப்போவுக்கு அருகே சுங்கை சிப்புட் பக்கம். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் சைக்கிள்களை வீட்டு வாசலிலேயேதான் பிரித்து மாட்டி வருகிறோம். இரண்டு வேலைக்கும் கைப்பலம் அதிகம் வேண்டியதில்லை. எங்கே தளர்வு இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில், டயர் அந்த ரிம்முக்கு உரியதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் 28-622 என்பதைப் போல ஓர் எண் அச்சாகியிருக்கும். அதில் 622 என்பது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ரிம்மிலும் அதே எண் இருக்க வேண்டும். ‘26 அங்குலம்’ என்ற பேரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது, ஏனென்றால் மலைச்சைக்கிளின் 26 அங்குல டயர் 559, சந்தைக்குப் போய்வரும் பழைய பாசார் சைக்கிளின் 26×1 3/8 டயர் 590. இரண்டுக்கும் 31 மி.மீ. வித்தியாசம். அம்மாவின் சைக்கிளுக்கு ஒருமுறை கடையில் எடுத்துக்கொடுத்த டயரோடு ஒரு மாலை முழுவதும் போராடி, கட்டைவிரல் தோல் உரிந்த பிறகுதான் அந்த எண்ணைப் படித்தேன். ரிம் 590, டயர் 559. எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் அது ஏறியிருக்காது.

எண் பொருந்தியும் டயர் ஏறவில்லை என்றால், ரிம்மின் நடுப்பள்ளத்தைக் கவனியுங்கள். டயரின் விளிம்புக்குள் ஓடும் கம்பியோ இழையோ நீண்டு கொடுக்காது. ஆகவே இழுத்துப் பெரிதாக்கி மாட்ட முடியாது. ரிம்மின் உட்புறத்தை வெட்டிப் பார்த்தால் இரு ஓரங்களில் விளிம்பு உட்காரும் மேடையும் நடுவில் ஒரு பள்ளமும் இருக்கும். பள்ளம் 3 மி.மீ. ஆழம் என்றால் அதன் சுற்றளவு மேடையின் சுற்றளவைவிட ஏறத்தாழ 19 மி.மீ. குறைவு. ஏற்கெனவே உள்ளே போன பகுதி முழுவதையும் அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால், மிச்சமாகும் நீளம் நீங்கள் போராடும் அந்த ஒரு சாணுக்கு வந்து சேரும். பெரும்பாலோர் இதைச் செய்யாமல் ஏறாத இடத்திலேயே முட்டிமோதுகிறார்கள்.

அதனால்தான் தொடங்கும் இடம் முக்கியம். வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரு பக்கமும் சமமாக வந்து, வால்வு அருகே முடியுங்கள். வால்வு உள்ள இடத்தில் டியூபின் தடித்த அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே விளிம்பு இறங்காது. அந்த இடத்தில் தொடங்கினால், இறங்காத அந்தப் பகுதி தளர்வைத் தின்றுவிடும், எதிர்ப்பக்கம் இறுகி நிற்கும். ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, டியூபில் காற்று இருந்தால் முழுவதும் வெளியேற்றி, எதிர்ப்பக்கத்திலிருந்து இரு கைகளாலும் டயரைப் பிழிந்து, விளிம்பைப் பள்ளத்துக்குள் தள்ளியபடி வால்வை நோக்கி நீவிக்கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று முறை நீவினால் கடைசிப் பகுதி கண்ணெதிரே தளர்வதைப் பார்ப்பீர்கள். அதன்பின் கட்டைவிரலால் தள்ளாமல், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்துச் சுருட்டுவதுபோல் உள்ளே ஏற்றுங்கள். நழுவி வெளியே வருகிற முனையை ஒரு பழைய வாரால் ரிம்மோடு கட்டிவிடலாம். விளிம்பில் சவர்க்கார நீர் தடவுவதும், டயரை அரை மணி நேரம் வெயிலில் போட்டுவைப்பதும் நன்றாகவே உதவும்.

இவ்வளவு செய்தும் ஏறவில்லை என்றால் ரிம் டேப்பைப் பாருங்கள். ரிம்மின் உள்ளே ஆரக்கம்பித் துளைகளை மறைக்கும் அந்த நாடா தடிப்பாகவோ இரண்டு சுற்றாகவோ இருந்தால் பள்ளம் நிரம்பிப்போகும், 1 மி.மீ. தடிப்பு கூடினாலே 6 மி.மீ. தளர்வு போய்விடும். துளைகளை முழுவதும் மூடக்கூடிய மெல்லிய நாடாவாக மாற்றுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பவே கூடாது, டியூப் கிழியும். பிளாஸ்டிக் லீவர் பயன்படுத்தினாலும் ஒரு தடவைக்கு இரண்டு விரற்கடை மட்டும் நெம்புங்கள். மாட்டி முடித்ததும், காற்றடிக்கும் முன், இரு பக்கமும் டயரை விலக்கிச் சுற்றிலும் பாருங்கள்; டியூப் எங்காவது விளிம்புக்கு அடியில் சிக்கியிருந்தால் காற்றடிக்கும்போது துப்பாக்கி வெடித்ததுபோல் வெடிக்கும். வால்வையும் ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்துவிடுங்கள்.

இனி ஹப். ஆட்டம் ஹப்பில்தானா என்று முதலில் தெரிய வேண்டும். சக்கரத்தைச் சுழற்றும்போது ரிம் பிரேக் கட்டையருகே இடம்வலமாக அலைந்தால் அது ஆரக்கம்பிகளின் கோணல். சக்கரம் நிற்கும்போது ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்து ‘டக்’ என்ற உணர்வு கைக்கு வந்தால், அது ஹப்பின் தளர்ச்சி. உங்கள் வருணனை இரண்டாவது வகை. ஆனால் உங்கள் ஹப், கோனும் (ஆக்ஸில் என்னும் அச்சில் திருகியிருக்கும் கூம்பு வடிவ நட்டு) அதன்மேல் ஓடும் குண்டும் உள்ள வகையா என்று பாருங்கள். குண்டுகள் உள்ளேயே மூடப்பட்ட பேரிங் உள்ள வகை என்றால் கோனைத் திருகும் வேலை அதில் இல்லை. பேரிங்கையே மாற்ற வேண்டும்.

கோன் வகை என்றால், கோன் ஸ்பானர் இல்லாமல் தொடாதீர்கள். பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு 13, பின்சக்கரத்துக்கு 15 மி.மீ. அந்த ஸ்பானர் ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்புதான், சாதாரண ஸ்பானர் கோனின் ஒடுங்கிய பட்டையில் நுழையாது. அப்பா வைத்திருந்தது, தோட்டத்துப் பட்டறையில் சாணைக்கல்லில் தேய்த்து மெலிதாக்கிய ஒரு சாதாரண 15 ஸ்பானர். ஓரம் கத்திபோல் மின்னும் அதை இன்றும் நான் பயன்படுத்துகிறேன்.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில், பிற்பகல் மழையில் ஓடிய சைக்கிள் என்றால் இறுக்குவதோடு நிறுத்தாமல் திறந்து பாருங்கள். தண்ணீர் புகுந்த கிரீஸ் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறியிருக்கும். சக்கரத்தை வெள்ளைத் துணிமேல் படுக்கவைத்து, பல்சக்கரம் இல்லாத இடப்பக்கத்து லாக் நட்டையும் (கோனை நகராமல் பூட்டும் வெளி நட்டு) கோனையும் கழற்றி, ஆக்ஸிலை மெதுவாக வெளியே எடுங்கள். வழக்கமாகப் பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 குண்டுகள், 1/4 அங்குலம். முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின், கோனில் குண்டு ஓடும் தடத்தின்மேல் ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையை மெல்ல ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. முனை எங்காவது தடுக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது, கோனை மாற்ற வேண்டும். குழி ஹப்பின் கிண்ணத்திலேயே விழுந்துவிட்டால் பெரும்பாலும் ஹப்பையே மாற்ற வேண்டியிருக்கும். ஆடும் சக்கரத்தோடு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

கிண்ணத்தில் தாராளமாகக் கிரீஸ் வைத்துக் குண்டுகளைப் பதித்து, ஆக்ஸிலை நுழைத்து, கோனைக் குண்டில் தொடும்வரை விரலால் திருகி, பின் ஒரு மயிரிழை தளர்த்துங்கள். கோனை ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது கோன் சற்று உள்ளே நகரும் என்பதால் முதல் முறையிலேயே சரியாக அமைவது அரிது. நான்கைந்து முறை தளர்த்தி இறுக்க வேண்டிவரும், பொறுமை வேண்டும். 10 மி.மீ. ஆக்ஸிலின் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வதால், அரைக்கால் சுற்றே 0.125 மி.மீ.; ஹப்பின் கணக்கில் அது பெரிய மாற்றம்.

நட்டு போட்டு இறுக்கும் ஆக்ஸில் என்றால் ஆட்டமும் இல்லாமல், விரலால் சுழற்றும்போது கரகரப்பும் இல்லாமல் அமைத்தால் போதும். நெம்புகோலை மடக்கிப் பூட்டும் குவிக் ரிலீஸ் என்றால், அதை மூடும்போது ஆக்ஸில் சற்று அமுங்கிக் கோன்கள் இன்னும் நெருங்கும். ஆகவே சக்கரம் கையில் இருக்கும்போது மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும்; சட்டத்தில் மாட்டி மூடியதும் அது மறைய வேண்டும். மாட்டியபின் சக்கரத்தை மெல்லத் தள்ளிவிடுங்கள். நல்ல ஹப் வெடுக்கென்று நிற்காது. ரிம்மின் கனமான பகுதி கீழே வந்து, ஊஞ்சல்போல் இரண்டு மூன்று முறை ஆடி ஓயும்.

கோனில் குழி விழுந்திருக்கிறதா என்று ஐயமாக இருந்தால், துடைத்து வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். புதுக் கோன் வாங்கப் போகும்போது பழையதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மரையும் உயரமும் ஹப்புக்கு ஹப் மாறும்.