வெறும் லிங்க் போதுமா? இணைய மேற்கோள் பற்றிய உங்கள் கேள்விகள்

கேள்வி: கட்டுரை முடிவில் லிங்க்குகளை மட்டும் வரிசையாக ஒட்டிவிட்டால் ஆகாதா?

பதில்: ஆகாது. எழுதியவர், தேதி, பக்கத்தின் தலைப்பு, தளத்தின் பெயர், அப்புறம் லிங்க். இவ்வளவும் இருந்தால்தான், நாளைக்கு அந்த லிங்க் திறக்காமல் போனாலும் தலைப்பை வைத்தாவது தேடிப் பிடிக்க முடியும். லிங்க்கையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு ‘யுடிஎம்’ என்று ஒரு நீளமான வால் தொங்கினால், அது நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்று கணக்கெடுக்கச் சேர்த்தது. அதை வெட்டிவிட்டு, மிச்சம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு போடுங்கள். ஆய்விதழ்க் கட்டுரைக்கு டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் நிரந்தர அடையாள எண்) இருந்தால் அதுதான் முதல் தேர்வு, தளம் மாறினாலும் அது வழிகாட்டும்.

கேள்வி: பெயரும் இல்லை, தேதியும் இல்லை. என்ன செய்ய?

பதில்: வெளியிட்ட அமைப்பையே எழுதியவராகப் போடலாம். அதுவும் தெரியவில்லையா, தலைப்பிலிருந்து தொடங்குங்கள். தேதி இல்லாவிட்டால், அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ (APA) மேற்கோள் முறையில் ஆண்டு வரும் இடத்தில் ‘என்.டி.’ (n.d., அதாவது தேதி இல்லை) என்று போடுவார்கள். பக்கத்தின் அடியில் காப்புரிமைக் குறியோடு இருக்கும் ஆண்டை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள், அது தளம் முழுமைக்கும் உரியது, நீங்கள் படித்த கட்டுரைக்கு அல்ல. இந்தப் பிழையைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன்.

கேள்வி: பக்கத்தை நாம் பார்த்த தேதியும் வேண்டும் என்கிறார் ஒரு ஆசிரியர், வேண்டாம் என்கிறார் இன்னொருவர்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஏபிஏ 7ஆம் பதிப்பில், அடிக்கடி மாறும் பக்கங்களுக்கு மட்டும்தான் அது தேவை. எம்எல்ஏ (MLA) என்பது நவீன மொழிச் சங்கம் வகுத்த இன்னொரு மேற்கோள் முறை; 2021இல் வந்த அதன் 9ஆம் பதிப்பில் பார்த்த தேதி உங்கள் விருப்பம், ஆனால் தேதியில்லாத பக்கம் என்றால் போட்டுவிடுங்கள். இன்னொரு சின்ன வித்தியாசம், ஏபிஏவில் லிங்க்குக்குப் பின்னால் முற்றுப்புள்ளி கிடையாது, எம்எல்ஏவில் உண்டு. துறையில் எது நடைமுறை என்று கேட்டு, கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா?

பதில்: அங்கே அடிக்குறிப்பில் இருக்கும் மூலத்தைத் திறந்து படித்து, அதைக் காட்டுவதுதான் நல்லது. படிக்காமல் அடிக்குறிப்பை மட்டும் நகலெடுப்பது நேர்மையில்லை. விக்கிப்பீடியாவையே காட்டியாக வேண்டுமென்றால், பக்க வரலாற்றில் போய் நீங்கள் படித்த நாளின் பதிப்புக்கான லிங்க்கை எடுங்கள்.

கேள்வி: மதிப்பிடுவதற்குள் பக்கம் காணாமல் போய்விட்டால்?

பதில்: படிக்கும் அன்றே, இணையப் பக்கங்களின் நகல்களைப் பாதுகாக்கும் வேபேக் மெஷின் (Wayback Machine) தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள், ஒரு நிமிட வேலை. ஸ்கிரீன்ஷாட் உங்கள் நினைவுக்கு உதவும், ஆனால் மற்றவர்கள் போய்ச் சரிபார்க்க அதில் வழியில்லை.

கேள்வி: ஏஐ கொடுத்த மேற்கோள் பட்டியலை அப்படியே போடலாமா?

பதில்: கூடாது. உண்மையான ஆய்வாளர் பெயர், உண்மையான இதழ் பெயர், ஆனால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. பார்த்தால் சந்தேகமே வராது. ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், திறக்க முடியாததைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.