ஒரே ஒரு வாக்கு ஒரு அவையின் பெரும்பான்மையையே தீர்மானிக்குமா?

தீர்மானிக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2017 நவம்பரில் அப்படித்தான் நடந்தது.

அங்கே கீழவைக்கு 100 இடங்கள். அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 15 இடங்களைப் புதிதாகப் பிடித்தது. கடைசியில் எல்லாமே நியூபோர்ட் நியூஸ் நகரத்தின் 94-வது தொகுதியில் வந்து நின்றது. அதையும் பிடித்தால் அவை 50-50, இல்லையென்றால் குடியரசுக் கட்சிக்கு 51-49.

முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி 10 வாக்குகள் முன்னிலை. மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமன்ஸ் ஒரே வாக்கில் வென்றார். மறுநாளே ஒரு வாக்குச்சீட்டு நீதிமன்றம் போனது. அதில் இரண்டு பெயருக்கும் வட்டம் நிரப்பப்பட்டு, சைமன்ஸ் வட்டத்தின் மேல் ஒரு கோடு. மூன்று நீதிபதிகளும் அதை யான்சிக்கே சேர்த்தார்கள். ஆளுக்கு 11,608.

சமநிலை என்றால் வர்ஜீனியா சட்டப்படி குலுக்கல்தான். 2018 ஜனவரி 4 அன்று ஒரு பீங்கான் கிண்ணத்திலிருந்து யான்சியின் பெயர் வந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த தொகுதியை இப்படி முடித்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மறுதேர்தல்தான் நியாயமாக இருந்திருக்கும்.

அப்புறம் 2019-ல் அதே இருவரும் மோதினார்கள். சைமன்ஸ் தெளிவாகவே வென்றார், அவையும் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது.

இரண்டு கட்சிகளும் கிட்டத்தட்ட சம பலத்தில் இருக்கும் மாநிலத்தில் உங்கள் தொகுதி எதுவானாலும் சரி, வட்டத்தைச் சுத்தமாக நிரப்புங்கள். தவறினால் கோடு போட்டுத் திருத்தாமல் புதுச் சீட்டு கேளுங்கள்.